வளைகைப்பிடி: குனியவும் நிறுத்தவும் கற்ற வரலாறு



“பையன் பந்தய சைக்கிள் கேட்கிறான், ஐயா. குனிந்தபடியே ஓட்டினால் முதுகு கூன் விழுந்துவிடாதா?”

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வார இறுதிகளில் நான் அத்தகைய மிதிவண்டி ஒன்றை ஓட்டுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இக்கேள்விக்கு ஏறத்தாழ நூற்று முப்பது வயது ஆகிறது என்பதைப் பலர் அறியார். 1890-களில் இலண்டனிலும் நியூயார்க்கிலும் பெற்றோர்களும் மருத்துவர்களும் இதையேதான் கேட்டார்கள். எனவே, இதற்கு ஒரு வரியில் பதில் சொல்வதைவிட, அந்தக் கைப்பிடி எப்படி வளைந்தது, மனித உடல் எப்படி அதற்குப் பழகியது என்னும் வரலாற்றைச் சொல்வதே பயன் தரும் என எண்ணுகிறேன். அதன் முடிவில், கூனைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது என்பதும் தெரியவரும்.

கடைக்காரர்கள் ‘டிராப் ஹேண்டில்பார்’ என்று சொல்வதை இக்கட்டுரையில் ‘வளைகைப்பிடி’ என்று குறிப்பிடுகிறேன். ஆட்டுக்கிடாயின் கொம்பைப்போல் முன்னே நீண்டு, கீழே வளைந்து, மீண்டும் ஓட்டுநரை நோக்கித் திரும்பும் கைப்பிடி அது.

நிமிர்ந்து தொடங்கிய பயணம்

1817-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திய மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி கிடையாது. கால்களால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். முன்கைகளை ஊன்றிக்கொள்ள ஒரு பலகை இருந்தது. 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதிகள் பொருத்தப்பட்டன. அடுத்த பத்தாண்டில் அந்த முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டும் அளவுக்கு வளர்ந்தது. பழைய படங்களில் நாம் பார்த்துச் சிரிக்கும் ‘பெரிய சக்கரம், சின்ன சக்கரம்’ வண்டி அதுதான்.

அந்த உயர்சக்கர வண்டியில் ஓட்டுநர் பெரிய சக்கரத்தின் உச்சியில், அதன் அச்சுக்கு ஏறத்தாழ நேர்மேலே அமர்ந்திருப்பார். சற்று முன்னால் சாய்ந்தாலும், சிறு கல்லில் சக்கரம் தட்டினாலும், வண்டியோடு தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஆகவே நிமிர்ந்து உட்காருவது அங்கே கண்ணியத்தின் அடையாளம் மட்டுமன்று, உயிர்காக்கும் வழியும் ஆகும். கைப்பிடி இடுப்புக்கு அருகிலேயே இருந்ததால் குனிவதற்கு இடமும் இல்லை.

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ மிதிவண்டி இந்நிலையை மாற்றியது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. மிதியின் விசை சங்கிலி வழியே பின்சக்கரத்துக்குச் சென்றது. ஓட்டுநரின் எடை இரு சக்கரங்களுக்கும் இடையில் இறங்கியது. மனிதன் தலைகுப்புற விழாமல் முன்னால் குனிய முடிந்தது அதன் பிறகுதான். வளைகைப்பிடி பரவுவதற்கு முன்பே, அதற்கு வேண்டிய இடத்தை ரோவர் அமைத்துக் கொடுத்துவிட்டது.

1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமம் பெற்றார். 1889 மே மாதம் அதே நகரில் வில்லி ஹியூம் என்னும் ஓட்டுநர் அந்த டயர்களைப் பொருத்திப் பந்தயங்களில் வென்று காட்டினார். மிதிவண்டி அதுவரை எட்டாத வேகத்தை எட்டத் தொடங்கியது.

இங்கே ஒரு சிறு விலகல்; நமக்கு நெருக்கமானது. டன்லப் உரிமம் பெற்ற அதே 1888-இல்தான் எச். என். ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, ரப்பர் மரத்தைப் பயிரிடச் சொல்லித் தோட்டக்காரர்களை வற்புறுத்தத் தொடங்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். முதலில் மிதிவண்டி டயர்களும் பின்னர் மோட்டார் வண்டி டயர்களும் கேட்ட ரப்பருக்காகத்தான் நம் முன்னோர் கப்பலேறி இத்தோட்டங்களுக்கு வந்தனர். மிதிவண்டியின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு என்பதை மாணவர்களுக்கு நான் சொல்லத் தவறுவதில்லை.

காற்று என்னும் எதிரி

வேகம் கூடியதும் ஓட்டுநர்கள் ஒரு புதிய எதிரியைச் சந்தித்தார்கள். அது காற்று. அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாக விளக்கக்கூடிய கணக்கு இது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அவ்வெதிர்ப்பை வெல்ல ஓட்டுநர் செலுத்த வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. மெதுவாகச் செல்லும்போது காற்று ஒரு பொருட்டே அன்று. சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், ஓட்டுநரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் விழுங்குகிறது. அந்தக் காற்றைத் தடுத்து நிற்பது வண்டியைக் காட்டிலும் நம் மார்பும் தோளும் தலையும்தான். ஆகவே உடலைத் தாழ்த்துவதே காற்றை வெல்ல எளிய வழி.

காற்றின் வலிமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 1899 ஜூன் 30 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடந்தது. சார்ல்ஸ் மர்பி என்னும் ஓட்டுநர், தண்டவாளங்களுக்கு இடையே பலகை பரப்பி, ஓடும் இரயிலின் பின்னால் அமைத்த காற்றுத் தடுப்பின் மறைவில் ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடிகளில் கடந்தார். காற்றை அகற்றிவிட்டால் மனிதக் கால்களால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம்கூட இயலும் என்பதை அவர் காட்டினார். ஆனால் எல்லாருக்கும் முன்னால் இரயில் ஓடாது. மற்றவர்கள் குனியத்தான் வேண்டும்.

கூன் விழும் என்ற அச்சம்

குனிந்து ஓட்டிய இளைஞர்களை அக்கால அமெரிக்கச் சமுதாயம் வெறுப்போடு பார்த்தது. ‘ஸ்கார்ச்சர்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். தரையைத் தீய்த்துக்கொண்டு பறப்பவர் என்று பொருள் கொள்ளலாம். நகைச்சுவை இதழ்களில் அவர்கள் குரங்குபோல் முதுகு வளைந்தவர்களாக வரையப்பட்டனர். மருத்துவர்கள் சிலர் ‘கைஃபோசிஸ் பைசிக்ளிஸ்டாரம்’ என்று இலத்தீன் மொழியில் ஒரு நோய்ப்பெயரே சூட்டினார்கள். ‘மிதிவண்டிக்காரர் கூன்’ என்பது அதன் பொருள். தெருக்களில் வேகமாகப் பறப்போரைப் பிடிக்க 1895-ஆம் ஆண்டில் நியூயார்க் காவல்துறை மிதிவண்டிப் படை ஒன்றையே அமைத்தது. அப்போது காவல் ஆணையத்தின் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடோர் ரூஸ்வெல்ட்.

அந்த அச்சத்தில் பாதி தவறு, பாதி சரி. கூன் விழும் என்றது தவறு. இன்று எந்த மருத்துவரும் அப்பெயரில் ஒரு நோயைச் சொல்வதில்லை. நன்கு பழகியவர் முதுகை வில்லாக வளைப்பதில்லை. இடுப்பு மூட்டிலிருந்து முன்சாய்ந்து, முதுகைப் பெரும்பாலும் நேராக வைத்துக்கொள்கிறார். ஆனால் நெரிசலான தெருவில் தலையைத் தாழ்த்திக்கொண்டு பறந்த இளைஞர்களால் ஆபத்து இருந்தது உண்மை. பெரியவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் முதுகைக் குறை சொன்னார்கள். பார்வையையும் பிரேக்கையும் குறை சொல்லியிருக்க வேண்டும்.

அக்காலத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களுள் ஒருவர் மேஜர் டெய்லர். கறுப்பினத்தவர் என்பதால் பல பந்தயத் திடல்களில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. எனினும் 1899-இல் மொண்ட்ரியல் நகரில் அவர் உலக வெற்றியாளரானார். கைப்பிடியைத் தாங்கும் தண்டு முன்னே நீண்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தும் வகையில் அமைந்த ஒரு கருவி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆசிரியர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். உடல் கருவிக்குப் பழகுவது ஒரு பக்கம் என்றால், கருவியை உடலுக்கு ஏற்ப நகர்த்துவது மறுபக்கம். அந்தக் காலத்திலேயே இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

ஒரு கைப்பிடி, மூன்று பிடிகள்

வளைகைப்பிடி வேகத்துக்கு மட்டும் உருவானது என்றால், பந்தயத் திடலோடு அதன் கதை முடிந்திருக்கும். 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பஃபலோ திடலில் ஆன்றி டெக்ரான்ஞ் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். ஒரு மணி நேரம் ஒரே நிலையில் குனிந்திருப்பது கடினம், ஆனால் இயலும். அதே டெக்ரான்ஞ் 1903-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் ‘டூர் டி பிரான்ஸ்’ போட்டியைத் தொடங்கினார். அதன் முதல் கட்டம் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர்! போட்டியை வென்ற மோரிஸ் காரன் அந்த ஒரு கட்டத்தை முடிக்கவே 17 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அத்தனை மணி நேரம் எந்த மனிதனும் ஒரே நிலையில் இருக்க முடியாது.

நீண்ட பயணத்தில்தான் வளைகைப்பிடியின் உண்மையான பயன் விளங்குகிறது. அது ஒரே கைப்பிடி; ஆனால் அதில் மூன்று பிடிகள் உண்டு. மேலே உள்ள நேர்ப்பகுதியைப் பிடித்தால் உடல் ஓரளவு நிமிர்ந்திருக்கும். முன்வளைவில் பிரேக் பிடியின் தலைப்பகுதியைப் பிடித்தால் உடல் நடுத்தரமாகச் சாயும். கீழ்வளைவைப் பிடித்தால் உடல் நன்றாகத் தாழும். ஏற்றத்தில் ஒன்று, சமதரையில் ஒன்று, எதிர்க்காற்றிலும் இறக்கத்திலும் ஒன்று. கை களைத்தால் இடம் மாறலாம்.

இங்கே இன்னொரு சிறிய கண்டுபிடிப்பைச் சொல்லியாக வேண்டும். நம் தாத்தாமார் தோட்டங்களில் ஓட்டிய உயரமான கறுப்பு சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பிரேக் பிடியிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பிகள் மூட்டு மூட்டாக இறங்கும். கம்பி நேராகத்தான் செல்லும்; வளையாது. 1896-இல் இங்கிலாந்தில் எர்னஸ்ட் பௌடன் உரிமம் பெற்ற உறைக்கம்பி, அதாவது இன்று நாம் ‘பிரேக் கேபிள்’ என்று சொல்வது, எப்படி வளைத்தாலும் இழுவிசையைக் கொண்டு சேர்த்தது. அதனால்தான் பிரேக் பிடியை வளைகைப்பிடியின் முன்வளைவிலேயே பொருத்த முடிந்தது. அங்கே பொருத்தினால், தலைப்பகுதியைப் பிடித்திருந்தாலும் விரல் பிரேக்கை எட்டும். கீழ்வளைவைப் பிடித்திருந்தாலும் எட்டும்.

இந்தக் கட்டுரையின் மையக் கருத்தை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். வளைகைப்பிடியின் சிறப்பு மனிதனைக் குனிய வைத்ததில் இல்லை. குனிந்த நிலையிலும் அவன் விரலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருக்கச் செய்ததில்தான் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்த இடங்களிலெல்லாம் துன்பம் வந்திருக்கிறது.

பிரித்தவர்கள்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிதிவண்டி மோகம் ஒன்று எழுந்தது. 1973-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மிதிவண்டிகள் விற்றன. பத்து கியர்களும் வளைகைப்பிடியும் கொண்ட வண்டிகள்தாம் அன்றைய நாகரிகம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பந்தயக்காரர் அல்லர். மாணவர், அலுவலகம் செல்வோர், பூங்காவில் உலாவுவோர் ஆகியோர்தாம். கீழே குனிந்து ஓட்ட அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவர்கள் மேலே உள்ள நேர்ப்பகுதியையே பற்றிக்கொண்டு ஓட்டினார்கள். அங்கிருந்து பிரேக் எட்டவில்லை.

உற்பத்தியாளர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். பிரேக் பிடியோடு இன்னொரு நீள்பிடியைச் சேர்த்து, மேல்பகுதிக்கு அருகே கொண்டுவந்தார்கள். ‘பாதுகாப்புப் பிடி’ என்று அதற்குப் பெயர். பெயரில் இருந்த பாதுகாப்பு செயலில் இல்லை. அந்தப் பிடி அசையக்கூடிய தூரம் குறைவு, வலுவும் போதாது. அழுத்தினால் வண்டி மெதுவாகும். அவசரத்தில் நிற்பது ஐயமே. மேலும், கைகள் இரண்டும் நடுவில் நெருங்கியிருக்கும்போது வண்டியைத் திருப்பும் கட்டுப்பாடும் குறைந்துவிடுகிறது. பழக வேண்டியதைப் பழகாமலேயே ஓட்டலாம் என்ற பொய்யான துணிவை அது கொடுத்தது.

அந்த வண்டிகளில் பல, சில காலத்திலேயே கொட்டகைகளில் தூசி படிந்தன. 1981-இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ போன்ற மலை மிதிவண்டிகள் நேரான கைப்பிடியோடு சந்தைக்கு வந்தபோது, மக்கள் மகிழ்ச்சியோடு அவற்றுக்கு மாறினார்கள். அதில் தவறேதும் இல்லை. அவர்களுடைய தேவைக்கு நேர்கைப்பிடியே பொருத்தமானது.

பந்தய உலகமும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் இறுதி நாளில், கிரெக் லெமாண்ட் முன்னே நீண்ட தனிக் கைப்பிடியில் முன்கைகளை ஊன்றி, வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் ஓட்டினார். 50 விநாடிகள் பின்தங்கியிருந்தவர், லோரான் ஃபின்யோனை 8 விநாடிகளில் முந்தி மொத்தப் போட்டியையே வென்றார். எத்தனை பெரிய வெற்றி! ஆயினும் ஓட்டுநர்கள் கூட்டமாகச் செல்லும் சாலைப் பந்தயங்களில் அக்கைப்பிடிக்கு அனுமதி இல்லை; தனித்தனியே ஓட்டும் நேரப் போட்டிக்கு மட்டுமே உண்டு. 2021 ஏப்ரல் மாதம் அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் மேலும் ஒரு படி சென்றது. இருக்கையை விட்டிறங்கிச் சட்டத்தின் மேல் சுருண்டு அமர்வதையும், நேர்ப்பகுதியின்மேல் முன்கைகளை ஊன்றி ஓட்டுவதையும் சாலைப் பந்தயங்களில் தடைசெய்தது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே, கை பிரேக்கை விட்டு விலகும் நிலை ஆபத்தானது என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

ஒரு மாணவனும் ஆறு வாரமும்

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவனுக்கு, அவன் தந்தை பழைய பந்தய மிதிவண்டி ஒன்றை ஆசையோடு வாங்கிக் கொடுத்தார். உழைத்துச் சேர்த்த பணம். சட்டம் சிறுவனுக்குச் சற்றுப் பெரியது. அவன் மேல்பகுதியைப் பிடித்தபடியே ஓட்டினான். ஒருநாள் தாமான் இறக்கத்தில் வேகம் கூடியபோது கையை முன்வளைவுக்குக் கொண்டுசெல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. சாலையோரக் கால்வாயில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எழுதும் கை அது. தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

“இந்தக் கொம்பை அறுத்துப் போட்டுவிடுகிறேன், சார்” என்றார் தந்தை. அவர் கண்களில் கோபத்தைவிடக் குற்ற உணர்வே மிகுந்திருந்தது. கொம்பின்மேல் குற்றமில்லை, கை எங்கே இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். கட்டுப் பிரித்து மருத்துவர் அனுமதி அளித்த பிறகு, தந்தையும் மகனும் நானும் சனிக்கிழமை காலைகளில் பள்ளித் திடலில் கூடினோம்.

முதலில் வண்டியைச் சரிசெய்தோம். கைப்பிடியைத் தாங்கும் நீண்ட தண்டை எடுத்துவிட்டுக் குட்டையான ஒன்றைப் பொருத்தி, கைப்பிடியை உயர்த்தினோம். பிரேக் பிடியைச் சிறுவனின் விரலுக்கு எட்டுமாறு அருகே கொண்டுவந்தோம். இருக்கையின் உயரத்தைக் காலின் நீளத்துக்கு ஏற்பத் திருத்தினோம். நிற்கும்போது இரு பாதங்களும் தரையைத் தொடுகின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரம் பிரேக் பிடியின் தலைப்பகுதியை மட்டும் பிடிக்கச் சொன்னேன். ஓட்டுவதைவிட நிறுத்துவதையே அதிகம் பயின்றோம். புல்லில் ஒரு கோடு போட்டு, கோட்டில் நிற்க வேண்டும். இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது உடலைச் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும். மூன்றாம் வாரம் கீழ்வளைவுக்குச் சென்றோம். முதலில் அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம். முழங்கையை விறைக்காமல் தளர்வாக மடக்கி வைக்க வேண்டும்; விறைத்த கை குழியின் அதிர்ச்சியை அப்படியே தோளுக்கு அனுப்பும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. தொலைவில் இருக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் அடியில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். உடனே பிடியை மாற்ற வேண்டும். கழுத்து வலித்தால் நிமிர்ந்து இளைப்பாற வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. உடல் சொல்லும் பாடத்தைக் கேளாமல் விடுவதாகும் அது.

ஆறாம் வாரம் சிறுவன் இறக்கம் ஒன்றில் கீழ்வளைவைப் பற்றி, விரல்களைப் பிரேக்கின்மேல் வைத்தபடி, அமைதியாக இறங்கி வந்து கோட்டில் நின்றான். அவன் தந்தை ஒன்றும் பேசவில்லை. மகனுடைய மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

நானே நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் இந்தக் கைப்பிடிக்குப் பழகினேன். முதல் நாள் வண்டி நடுங்குவதுபோல் இருந்தது. உண்மையில் நடுங்கியது என் தோள்கள். முதல் மாதத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் முடியாது. மூன்றாம் மாதத்தில் இரண்டு மணி நேரம் கடந்ததே தெரியவில்லை. உடல் எந்த வயதிலும் கற்கும். ஆனால் அதற்குக் கால அவகாசமும் ஒழுங்கான படிநிலையும் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு நாம் அளிக்கும் பொறுமையை, மிதிவண்டி ஓட்டும் பிள்ளைக்கும் அளிக்க வேண்டும்.

பிரேக் இல்லாத குனிவு

இவ்வரலாற்றை எழுதும் வேளையில் என் நெஞ்சை அழுத்தும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் நாட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் ‘பசிக்கல் லாஜாக்’ என்று மாற்றியமைத்த மிதிவண்டிகளை ஓட்டுவதை அறிவீர்கள். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றிவிட்டு, இருக்கையின்மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னே நீட்டிக்கொண்டு இறக்கங்களில் பறக்கிறார்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், இத்தகைய மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பிள்ளைகள்மீது கார் மோதியது. 13 வயது முதல் 16 வயது வரையிலான எட்டுப் பேர் உயிரிழந்தனர்.

அவ்விபத்தில் சட்டப்படி யார் பொறுப்பு என்பது நீதிமன்றங்கள் ஆராய்ந்த பொருள். பிரேக் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவும் நான் துணியவில்லை. ஆசிரியன் என்ற முறையில் வேறொன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் நாடியது என்ன? காற்றைப் பிளந்து விரையும் இன்பம். 1890-களின் இளைஞர்கள் நாடியதும் அதுவே. மேஜர் டெய்லரும் லெமாண்டும் நாடியதும் அதுவே. உடலைத் தாழ்த்தினால் வேகம் வரும் என்பதை அவர்கள் யாரும் கற்பிக்காமலேயே கண்டுபிடித்தார்கள். குனிவதைத் தானே கற்றுக்கொள்ளும் அறிவு பிள்ளைகளுக்கு உண்டு. நிறுத்துவதைக் கற்றுக்கொடுக்கத்தான் பெரியவர்கள் வேண்டும். நாம் அவர்களுடைய வேகத்தைத் திட்டினோம், முதுகைத் திட்டினோம், ஊர்சுற்றுவதைத் திட்டினோம். திடலுக்கு அழைத்துச் சென்று கற்றுத் தந்தவர் எத்தனை பேர்?

கருவியும் பாதி வழி வந்திருக்கிறது

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு நற்செய்தி. இன்றைய வளைகைப்பிடி நூறாண்டுக்கு முந்தையதைப்போல் கடுமையானதன்று. 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் கியர் மாற்றும் கருவியைப் பிரேக் பிடியோடு இணைத்தது. அதற்குமுன் கியர் மாற்ற ஒரு கையை எடுத்துச் சட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது கை பிரேக்கை விட்டு அகல வேண்டியதில்லை. வளைவின் ஆழமும் குறைந்து வருகிறது. முன்பு ஏறத்தாழ 14, 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்த இடத்தில், இப்போது பல கைப்பிடிகளில் 12, 13 சென்டிமீட்டர்தான். சிறிய கைகளுக்கு ஏற்பப் பிரேக் பிடியை நெருக்கி வைக்கவும் முடிகிறது. உடல் கருவியை நோக்கிப் பாதி வழி வந்தால், கருவியும் உடலை நோக்கிப் பாதி வழி வருகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். பள்ளிக்கும் கடைக்கும் சென்றுவரும் பிள்ளைக்கு நேரான கைப்பிடியே போதும். தொலைதூரம் ஓட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு வளைகைப்பிடி வாங்கிக் கொடுங்கள், கூன் விழாது. ஆனால் மூன்றைப் பாருங்கள். சட்டம் பிள்ளையின் அளவுக்குப் பொருந்துகிறதா? தலைப்பகுதியிலிருந்தும் கீழ்வளைவிலிருந்தும் விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா? அதைப் பழக்கிவிட, ஆறு வாரம் கூடவே நிற்க ஒரு பெரியவர் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால், அந்தச் சைக்கிளை இப்போதைக்கு வாங்காதீர்கள். ‘ஆம்’ என்றால், பள்ளித் திடல் சனிக்கிழமை காலையில் காலியாகத்தான் கிடக்கிறது. தலைமையாசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, ஒரு சுண்ணாம்புக் கட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். கோடு போட அது வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான ஆசிரியன்